படித்துவந்ததைச் சொன்னேன், ஆலையில் யாரும் கேட்கவில்லை

அம்பாறை மாவட்டத்தின் கரையோர ஊரொன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 31. ஆறு வருடமாக ஓர் அரிசி ஆலையில் வேலை. நெல் வரவு, இருப்பு, தரம் எல்லாம் அவருடைய பொறுப்பு. ஆலையில் 22 பேர் இருக்கிறார்கள். கடந்த ஜனவரியில் முதலாளி அவரை அநுராதபுரத்தில் நடந்த ஐந்து நாள் பயிற்சிக்கு அனுப்பினார். நெல்லைச் சுடுநீரில் ஊறவைப்பது, அவித்த நெல்லை இரண்டு கட்டமாகக் காயவைப்பது, ஈரப்பதத்தைக் கருவியால் அளப்பது எல்லாம் அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். திரும்பிவந்து பெப்ரவரியில் ஒன்பது பக்கக் குறிப்பை முதலாளியிடம் கொடுத்தார். "பாப்பம் மகள்" என்றாராம். ஈரம் அளக்கும் மீட்டர் (ஈரமானி) ஒன்று வாங்கினார்கள். அது பெட்டி பிரிக்காமல் முதலாளியின் மேசை லாச்சியில் கிடக்கிறது.

அவித்தல் பகுதியை 28 வருடமாகப் பார்ப்பவர் ஒரு பெரியவர். ஆலையில் எல்லோருக்கும் அவர் 'காக்கா', அதாவது அண்ணன். வாசகி புது முறையைச் சொன்னபோது, களத்தில் அத்தனை பேர் முன்னால், "நெல்லுக்குக் கடதாசி வாசிக்கத் தெரியுமா புள்ள?" என்று கேட்டிருக்கிறார். எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கு மூடிய வாயை வாசகி ஏழு மாதமாகத் திறக்கவில்லை. இப்போது வேறோர் ஆலை கூடுதல் சம்பளத்துக்குக் கூப்பிடுகிறது. "படிச்சதையும் கொண்டு வாங்க" என்கிறார்களாம்.

அவர் கேட்பது: போகலாமா? போனால் துரோகமா, சட்டத்தில் சிக்கல் வருமா? இங்கேயே இருந்து திரும்பத் திரும்பக் கதைத்தால் வேலையை விட்டு நிற்பாட்டிவிடுவார்களா? எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டால், அப்புறம் தன்னை எதற்கு வைத்திருப்பார்கள்? கடைசி வரியில், "அந்தக் காக்கா இருக்கும்வரை இந்த ஆலை மாறாது" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். எல்லோர் முன்னாலும் சிரிப்புக்கு ஆளான அந்த நாள் உங்களை எவ்வளவு வருத்தியிருக்கும் என்பது தெரிகிறது. நல்லதைச் செய்யப்போய் அவமானப்பட்டு நின்றவருக்கு ஏழு மாத மௌனம் அதிகமில்லை. அது நடந்திருக்கக் கூடாது. அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச முடியும்.

ஆனால் உங்கள் கடைசி வரி சரியென்று எனக்குப் படவில்லை. அந்த ஆலையில் புது முறை நுழைவதற்கு ஒரு வாசல் உண்டென்றால் அது காக்காதான். ஏன் என்று சொல்கிறேன்.

1990ஆம் ஆண்டில் வெஸ்லி கோஹன், டேனியல் லெவிந்தால் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். வெளியே இருக்கும் புதிய அறிவை ஒரு நிறுவனம் எப்படி அடையாளம் காண்கிறது, எப்படி உள்ளே எடுக்கிறது, எப்படிப் பயன்படுத்துகிறது என்பதுதான் பொருள். அந்தத் திறனுக்கு 'உள்வாங்கும் திறன்' என்று பெயர் வைத்தார்கள். முகாமைத்துவம் படிக்கிற பிள்ளைகள் இன்றைக்கும் அதைப் படிக்கிறார்கள். அவர்கள் சொன்னதில் உங்களுக்கு வேண்டியது இரண்டு விஷயம். ஒன்று, புதியதை எடுத்துக்கொள்ளும் திறன் பெரும்பாலும் ஏற்கனவே தெரிந்ததிலிருந்துதான் வருகிறது. தெரிந்த ஒன்றோடு கொளுவ முடியாத புதுத் தகவல் காதில் விழுந்தாலும் நிற்காது. இரண்டு, ஒரு நிறுவனத்தில் ஓர் ஆளுக்குத் தெரிந்துவிட்டது என்பதற்காக அது நிறுவனத்துக்குத் தெரிந்துவிட்டதாக ஆகாது. வெளியே போய்க் கற்றுவருபவர், உள்ளே இருப்பவர்களுக்குப் புரிகிற பேச்சில் அதை மாற்றிக் கொடுக்க வேண்டும். அவருடைய படிப்பும் மற்றவர்களுடைய வேலையும் எவ்வளவு தூரமோ, அவ்வளவுக்கு இந்த மாற்றிக் கொடுக்கும் வேலை பெரிது.

உங்கள் ஒன்பது பக்கத்தை இதோடு வைத்துப் பாருங்கள். அது பயிற்சிக்கூடத்தின் பேச்சில் இருந்தது. முதலாளி அதைப் பணத்தின் பேச்சில் கேட்கப் பார்த்தார். காக்கா நெல்லின் பேச்சில் கேட்கப் பார்த்தார். இருவருக்கும் அது பிடிபடவில்லை. இதை உங்கள் குற்றமாகச் சொல்லவில்லை. பயிற்சிக்கு அனுப்புகிற முதலாளிமாரில் அநேகம் பேர், ஆளை அனுப்பினால் அறிவு தானாக ஆலைக்குள் வந்துவிடும் என்றுதான் நினைக்கிறார்கள். திரும்பிவந்தவருக்குச் சொல்ல ஒரு நாள், செய்துபார்க்க ஒரு தொட்டி, கூட நிற்க ஓர் ஆள் ஒதுக்குவதில்லை. உங்களுக்கும் ஒதுக்கவில்லை.

காக்காவின் பல்லும் உங்கள் மீட்டரும்

நெல் காய்ந்துவிட்டதா என்று காக்கா எப்படிப் பார்க்கிறார்? உங்கள் கடிதத்தில் அது இல்லை. ஆனால் நம் பக்கத்து ஆலைகளில் பழைய ஆட்கள் செய்வதை நான் பார்த்திருக்கிறேன். களத்தில் குனிந்து, மேலே கிடப்பதை விலக்கி, அடியிலிருந்து நாலு மணி எடுப்பார்கள். உள்ளங்கையில் தேய்த்து உமியை ஊதிவிட்டு, ஒரு மணியை முன்பல்லில் வைத்துக் கடிப்பார்கள். சத்தத்தைக் கேட்பார்கள். நசுங்கினால் இன்னும் ஒரு வெயில். 'டக்' என்று உடைந்தால் அள்ளலாம். பிறகு உடைந்த மணியை வெளிச்சத்தில் பிடித்து, நடுவில் வெள்ளை நிற்கிறதா என்று பார்ப்பார்கள். வெள்ளை நின்றால் அவியல் போதவில்லை. இவ்வளவும் அரை நிமிடத்தில் முடிந்துவிடும்.

நீங்கள் படித்துவந்ததும் இதே விஷயம்தான். அவித்த நெல்லை 16 சதவீத ஈரம் வரைக்கும் வேகமாகக் காயவைக்கலாம், மணி தாங்கும். அதற்குக் கீழே ஒரே மூச்சில் இழுத்தால் வெளிப்புறம் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் நிற்கும், மணி கீறும். அந்தக் கீறல் களத்தில் கண்ணுக்குத் தெரியாது. அரைக்கும்போது குறுணலாக விழும்போதுதான் தெரியும். அதனால்தான் நடுவில் நிறுத்தி, குவித்து, சில மணித்தியாலம் ஆறவைத்து, உள் ஈரமும் வெளி ஈரமும் சமமான பிறகு 14க்குக் கொண்டுவரச் சொல்கிறார்கள். காக்காவுக்கு 16 என்ற எண் தெரியாது. ஆனால் கடும் வெயிலில் காய்ந்த நெல் ஆலையில் உடையும் என்பது அவருக்கு உங்களை விட நன்றாகத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். 28 வருடம் பார்த்திருக்கிறார்.

அதனால் என் யோசனை இது. ஒரு பள்ளிக்கூடக் கொப்பி எடுங்கள். நெல் காயவைக்கும் ஒவ்வொரு தரமும் மூன்று நிரல்: நேரம், காக்கா கடித்துச் சொன்னது, மீட்டர் காட்டியது. முதல் இரண்டு மூன்று நாள் மீட்டரைக் களத்துக்குக் கொண்டுபோகவே வேண்டாம். காக்காவிடம் போய், "நீங்க கடிச்சுப் பாக்கிறது எப்படி எண்டு எனக்கும் காட்டுங்க" என்று கேளுங்கள். உண்மையாகவே கற்றுக்கொள்ளக் கேளுங்கள். நடிப்பாக இருந்தால் அந்த வயதுக்காரருக்கு உடனே தெரிந்துவிடும். நீங்களும் கடியுங்கள், பிழைவிடுங்கள், அவர் திருத்தட்டும். அதற்குப் பிறகு மீட்டரைக் கொண்டுபோய், அவர் "இன்னும் ஒரு வெயில்" என்று சொன்ன மணிக்கு அது என்ன காட்டுகிறது என்று இருவருமாகப் பாருங்கள். ஒரு வாரத்தில் அவருடைய 'நசுங்குது' என்பது மீட்டரில் எத்தனை, 'டக்' என்பது எத்தனை என்று கொப்பியில் வந்துவிடும். அன்றைக்கு அவருடைய பல்லுக்கு எண் கிடைக்கும், உங்கள் எண்ணுக்குப் பொருள் கிடைக்கும். "நசுங்கிறது முடியப்போற இடத்தில ஒருக்கா குவிச்சு மூடிப் பாப்பமா காக்கா?" என்று கேட்க வேண்டியது அப்போதுதான்.

யப்பானில் நடந்த ஒன்று இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. 1980களில் மட்சுஷிட்டா கம்பனி வீட்டில் பாண் சுடும் இயந்திரம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தது. பாண் சரியாக வரவில்லை. அளவுகளை எத்தனை தரம் மாற்றியும் காரணம் பிடிபடவில்லை. கடைசியில் அங்கே வேலைபார்த்த ஒரு பெண், ஒசாகாவில் ஹோட்டல் ஒன்றின் தலைமைப் பாண்காரரிடம் போய் மாவு பிசையப் பழகினார். அவர் மாவை இழுக்கும்போது முறுக்கியும் இழுக்கிறார் என்பதை அங்கேதான் கண்டார். பாண்காரர் அதை எங்கும் எழுதிவைக்கவில்லை. அது அவர் கையில் இருந்தது. இயந்திரத்தின் உட்பக்கத்தில் அதற்கேற்ற வரம்புகளை வைத்த பிறகு பாண் சரியாக வந்தது. உங்கள் ஆலையிலும் யாரும் எழுதாத அறிவு காக்காவின் வாயிலும் கையிலும் இருக்கிறது. அவர் ஒருநாள் வேலையை விட்டு நிற்பார். அதையும் சேர்த்து எழுதிவைக்கக்கூடிய ஒரே ஆள் இப்போது நீங்கள்தான்.

முதலாளியின் 'பாப்பம்'

நீங்கள் குறிப்பைக் கொடுத்தது பெப்ரவரியில். பெரும்போக அறுவடை. களம் நிறைய நெல், வாசலில் லொறி வரிசை, போடிமார் (பெரிய வயல்காரர்) காசுக்கு நிற்கிற நேரம். அந்த நேரத்தில் 'நெல்லை நடுவில் நிறுத்தி ஆறவையுங்கள்' என்றால், முதலாளிக்கு அது 'களத்தை இன்னும் அரைநாள் பூட்டிவையுங்கள்' என்றுதான் கேட்டிருக்கும். அவருடைய கவலையில் நியாயம் இருக்கிறது. இந்த முறைக்கு இடமும் நேரமும் வேண்டும். அதை மறைக்காமல் நீங்களே முதலில் சொல்லுங்கள். அவர் உங்களைப் பயிற்சிக்கு அனுப்பினார், மீட்டரும் வாங்கினார். விருப்பமில்லாத ஆள் செலவு செய்யமாட்டார். அவர் 'வேண்டாம்' என்று சொன்னதாக நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு அது 'இப்போது முடியாது' என்றுதான் கேட்கிறது.

இப்போது செப்டெம்பர். சிறுபோக நெருக்கடி தணிந்துவிட்டது, மாரி இறங்க இன்னும் நாள் இருக்கிறது, வெயிலும் உண்டு. ஒரேயொரு தொட்டி நெல் கேளுங்கள். ஒரே இனம், ஒரே வயல் நெல், ஒன்றாக ஊறி ஒன்றாக அவிந்தது. அதைக் களத்தில் இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதி வழக்கம்போல. மற்றப் பாதியைக் காக்கா சொல்கிற நேரத்தில் நிறுத்தி, பின்னேரம் குவித்துப் படங்கால் மூடி, காலையில் திரும்பப் பரவுங்கள். இரவில் ஆறுவதால் பகல் களம் வீணாகாது. இரண்டையும் 14க்கு வந்ததும் அள்ளி, ஒரு நாள் வைத்து, ஒரே இயந்திரத்தில் ஒரே ஆள் அரைக்கட்டும். ஒவ்வொன்றிலும் இடத்துக்கு இடம் எடுத்துக் கலந்த ஒரு கிலோ அரிசியில் குறுணலைப் பிரித்து நிறுங்கள். ஒரு தரம் போதாது, மூன்று தரம் செய்யுங்கள்.

முதலாளியிடம் ஒன்பது பக்கம் கொண்டுபோக வேண்டாம். அரைப் பக்கம் போதும். நூறு கிலோ அரிசியில் குறுணல் முன்பு எத்தனை, இப்போது எத்தனை, முழு அரிசிக்கும் குறுணலுக்கும் இன்றைய விலை வித்தியாசம் எவ்வளவு, மேலதிகக் கூலி எவ்வளவு. கணக்கில் மிச்சம் வராவிட்டால் அதையும் அப்படியே எழுதுங்கள். வராமலும் போகலாம். அப்படியானால் உங்கள் ஆலையின் குறை வேறு இடத்தில், ஊறலிலோ இயந்திரத்திலோ இருக்கிறது என்று தெரியவரும். அதுவும் ஆலைக்குப் புது அறிவுதான். சுடுநீர் ஊறலை இப்போதைக்கு விடுங்கள். அதற்குத் தொட்டியும் கொதிகலனும் மாற்ற வேண்டிவரும். ஒன்று நிலைத்த பிறகு அடுத்ததைப் பேசலாம்.

சொல்லிக்கொடுத்தால் என் பெறுமதி குறையுமா?

இந்தப் பயத்தை நான் தட்டிக்கழிக்கமாட்டேன். வேலையாளிடம் யோசனையை வாங்கிக்கொண்டு பேரையும் பலனையும் வேறு யாரோ எடுத்துக்கொண்ட இடங்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் உங்களிடம் மட்டும் இருக்கிற அறிவால் ஆலைக்கு இன்றுவரை ஒரு சதமும் கிடைக்கவில்லை, அதனால் உங்களுக்கும் கிடைக்கவில்லை. நான் முன்பு வேலைசெய்த ஓர் இடத்தில் பால் பரிசோதிக்கும் கருவி வாங்கினார்கள். ஒரேயொரு பையனைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அவன் வேலை மாறிப் போனதும் கருவி அலுமாரிக்குள் போனது. திரும்ப அதை எடுக்க யாருக்கும் துணிவு வரவில்லை. ஓர் ஆளோடு வந்த அறிவு அந்த ஆளோடே போனது.

உங்கள் பெறுமதியைக் காப்பது பதிவுதான். கொப்பி உங்கள் கையெழுத்தில், திகதியோடு இருக்கட்டும். காக்காவின் பேரும் அதில் இருக்கட்டும். பரீட்சிப்பு சரிவந்தால் அன்றைக்கே சம்பளத்தையும் பொறுப்பின் பேரையும் கேளுங்கள். தரத்துக்கு நீங்கள் பொறுப்பு என்று எழுத்தில் வரட்டும். நன்றி சொன்னால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம், தங்கச்சி. பலன் ஆலைக்கு என்றால் பங்கு உங்களுக்கும் உண்டு.

வேலை, சட்டம், மற்ற ஆலை

யோசனை சொன்னதற்காக நிற்பாட்டிவிடுவார்களா என்று கேட்டீர்கள். இலங்கையின் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, முந்திய ஆறு மாதத்தில் சராசரியாக 15 பேருக்குக் குறையாமல் வேலைசெய்த இடத்தில், பன்னிரண்டு மாதத்துக்குள் 180 நாளாவது வேலைசெய்த ஒருவரை, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்துவதென்றால் அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ வேண்டும். உங்கள் ஆலையில் 22 பேர் என்றாலும் எத்தனை பேருக்குப் பதிவு இருக்கிறது என்று பாருங்கள். நாட்கூலிக்கு வந்துபோகிறவர்களால் எண்ணிக்கையில் தகராறு வருவதுண்டு. உங்கள் சம்பளச் சீட்டுகளையும் சேமலாப நிதிக் கடிதங்களையும் பத்திரமாக வையுங்கள். நிற்பாட்டினால் ஆறு மாதத்துக்குள் தொழில் அலுவலகத்தில் முறையிட வேண்டும். ஆனால் உங்கள் கடிதத்தில் அப்படியொரு நிலைமையின் அறிகுறி எனக்குத் தெரியவில்லை.

மற்ற ஆலைக்குப் போவது துரோகம் ஆகாது. நெல்லை இரண்டு கட்டமாகக் காயவைப்பது உலகம் அறிந்த முறை, அது எந்த முதலாளிக்கும் சொந்தமில்லை. உங்கள் தலையிலும் கையிலும் இருக்கிற திறமை உங்களோடு வரும். ஆனால் இந்த ஆலையின் வாடிக்கையாளர் பட்டியல், விலைக் கணக்கு, எந்தப் போடியார் எவ்வளவுக்குத் தருகிறார் என்ற விபரம் இவற்றைத் தொடாதீர்கள். வெளியிடப்படாத வணிகத் தகவலுக்கு 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. பரீட்சிப்புக் கொப்பியின் அசலும் ஆலையில்தான் இருக்க வேண்டும். இன்னொன்று: பயிற்சிக்குப் போகும் முன், இத்தனை காலம் இங்கேயே வேலைசெய்வேன் என்று ஏதாவது கடதாசியில் கையொப்பம் வைத்தீர்களா? வைத்திருந்தால் அதைக் கொண்டுபோய் ஒரு சட்டத்தரணியிடம் காட்டாமல் அடுத்த ஆலைக்கு 'ஓம்' சொல்ல வேண்டாம்.

'படிச்சதையும் கொண்டு வாங்க' என்ற அந்தப் பேச்சு எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. அங்கேயும் ஒரு காக்கா இருப்பார். போகிற எண்ணம் இருந்தால் அவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: அவித்தலை அங்கே யார் பார்க்கிறார், அவரோடு நான் கதைக்கலாமா, செய்துபார்க்க முதல் மாதத்தில் ஒரு தொட்டி தருவீர்களா? மூன்றுக்கும் தெளிவான பதில் இல்லாவிட்டால், கூடுதல் சம்பளத்தோடு இதே ஏழு மாதத்தை இன்னொரு தரம் அனுபவிக்கத்தான் போவீர்கள்.

ஒக்டோபர் முடியும்வரை அவர்களிடம் தவணை கேளுங்கள். அதற்குள் மூன்று பரீட்சிப்பும் முடியும். கணக்கு கையில் இருந்தும் முதலாளி திரும்பவும் 'பாப்பம்' என்றால், எப்போது பார்ப்பார் என்று திகதி கேளுங்கள். திகதி தராவிட்டால், முறைப்படி அறிவித்தல் கொடுத்துவிட்டு, காக்காவிடம் சொல்லிக்கொண்டு போங்கள். கொப்பியின் ஒரு பிரதி அவரிடம் இருக்கட்டும்.

நாளைக்கு முதல் வேலையாக லாச்சியிலிருந்து அந்த மீட்டரை எடுத்து, பற்றரி கசியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஏழு மாதம் கிடந்திருக்கிறது.